அஞ்சும் குழந்தைக்கு ஓர் அறை

பொது இடங்கள் அனைத்தும் பெரியவர்களின் அளவைக் கொண்டு கட்டப்பட்டவை. மருத்துவமனையின் நீண்ட நடைக்கூடம், நீதிமன்றத்தின் உயர்ந்த மேடை, விமான நிலையத்தின் இடைவிடாத அறிவிப்புகள், திருவிழாவின் ஒலிபெருக்கி ஆகியவை யாவும் வளர்ந்த மனிதரின் காதுக்கும் கண்ணுக்கும் பொறுமைக்கும் ஏற்ப அமைந்தவை. இவற்றுள் நுழையும் குழந்தை சில வேளைகளில் மிரளுகிறது, காதுகளைப் பொத்திக்கொள்கிறது, தரையில் விழுந்து கதறுகிறது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் பலருக்கு இந்த மிரட்சி பன்மடங்கு. நமக்கு வெறும் இரைச்சலாய்க் கேட்பது அவர்களுக்கு உடலைத் துளைக்கும் வேதனையாய் அமைவதுண்டு. சுற்றி நிற்போரோ, "பிள்ளையை வளர்த்த விதம் சரியில்லை" என்று ஒரே சொல்லில் தீர்ப்பு எழுதிவிடுகின்றனர்.

இத்தகைய குழந்தைகளுக்காகக் கடந்த ஐம்பது ஆண்டுகளில் உலகின் பல பகுதிகளில் ஒரு சிறிய அறை தோன்றியுள்ளது. மங்கலான ஒளி, மெல்லிய ஒலி, மென்மையான தரை, தொட்டு மகிழச் சில பொருள்கள். இவ்வளவே அதன் அடக்கம். புலன் அறை என்றும் அமைதி அறை என்றும் அதனை அழைக்கின்றனர். சிறிய அறையாயினும் அதன் வரலாறு சிறியதன்று. எவ்வழியே அது நம் காலத்துக்கு வந்து சேர்ந்தது, வழியில் எங்கே தடம் புரண்டது, எதனால் அது குழந்தையை அமைதிப்படுத்துகிறது ஆகியவற்றை அறிந்துகொள்வது, குழந்தைகளைக் கூட்டம் கூடும் இடங்களுக்கு அழைத்துச் செல்லும் நம் அனைவருக்கும் பயன் தரும்.

புலன்களை நம்பிய ஆசிரியர்கள்

கதை பிரான்சு நாட்டில் தொடங்குகிறது. 1800ஆம் ஆண்டு அவெரோன் பகுதியின் காடுகளிலிருந்து ஏறக்குறைய பன்னிரண்டு வயதுடைய ஒரு சிறுவன் ஊருக்குள் வந்தான். அவனுக்குப் பேச்சு இல்லை. பாரிசிலிருந்த காது கேளாதோர் பள்ளியின் இளம் மருத்துவர் ஈத்தார் அவனுக்கு விக்டர் எனப் பெயரிட்டு, சில ஆண்டுகள் முயன்று கற்பித்தார். அவனைத் திருத்த இயலாது என அறிஞர் பலர் கைவிட்ட நிலையில், ஈத்தார் அவனுடைய புலன்களிலிருந்து தொடங்கினார். வெந்நீரும் தண்ணீரும், வழவழப்பும் சொரசொரப்பும், ஓசையும் ஓசையின்மையும் அவனுக்குப் பாடங்களாயின. விக்டர் பேசக் கற்கவில்லை. ஆனால் அறிவின் வாயில் மூடியிருப்பதாகத் தோன்றும் குழந்தையைப் புலன்களின் வழியே அணுகலாம் என்ற எண்ணம் அங்கே வேரூன்றியது.

ஈத்தாரின் மாணவர் செகேன், அறிவுத்திறன் குறைந்த குழந்தைகளுக்கென அம்முறையை விரிவுபடுத்திப் பின்னர் அமெரிக்காவுக்குச் சென்று பணியாற்றினார். இவ்விருவரின் நூல்களையும் தம் கைப்பட மொழிபெயர்த்து எழுதிப் படித்தவர் இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி. உரோமை நகரின் மனநலக் காப்பகம் ஒன்றில் அவர் கண்ட காட்சியைப் பற்றிச் சொல்வதுண்டு. அங்கே அடைக்கப்பட்டிருந்த குழந்தைகள் உணவுக்குப் பின் தரையில் சிதறிய ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்கினர். காவலுக்கு இருந்த பெண் அதைப் பேராசை எனக் கருதி அருவருத்தார். மாண்டிசோரியோ அந்த வெற்று அறையைச் சுற்றிப் பார்த்தார். அந்தத் துணுக்குகளைத் தவிர, தொட்டுப் பார்க்கவோ உருட்டி விளையாடவோ அவ்வறையில் வேறொரு பொருளும் இல்லை. குழந்தைகளின் பசி வயிற்றுப் பசியன்று, விரல்களின் பசி என்று அவர் உணர்ந்தார்.

1907ஆம் ஆண்டு உரோமையின் ஏழைக் குடியிருப்பான சான் லொரென்சோவில் அவர் தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில், புலன்களுக்கான பொருள்கள் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் வைக்கப்பட்டன. எதை எடுப்பது என்பதைக் குழந்தையே தீர்மானித்தது. அங்கே மௌனமும் ஒரு பயிற்சியாக இருந்தது. அது அதட்டலால் வரும் மௌனமன்று. மெல்லிய ஓசைகளைக் கேட்பதற்காகக் குழந்தைகள் தாமே விரும்பிக் காக்கும் மௌனம்.

இந்த அம்மையாருக்கும் நம் மண்ணுக்கும் நெருங்கிய தொடர்புண்டு. 1939ஆம் ஆண்டு சென்னை அடையாற்றிலிருந்த பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று ஆசிரியர் பயிற்சி அளிக்க வந்தார். போர் மூண்டு, 1940இல் இத்தாலியும் அதில் இறங்கியபின், ஆங்கிலேய அரசு அவரைப் பகை நாட்டவராகக் கருதிற்று. ஊர் திரும்ப இயலாமல் 1946ஆம் ஆண்டுவரை இந்தியாவிலேயே தங்கினார். அதில் சில ஆண்டுகள் கொடைக்கானலில் கழிந்தன. நம் நகரங்களில் அவர் பெயர் தாங்கிய பள்ளிகள் பெருகியதற்கு அக்காலப் பயிற்சிகளே பெரும் காரணம். ஆனால் அவருடைய முறை, வாய்ப்பு மறுக்கப்பட்ட குழந்தைகளின் விரல் நுனிகளிலிருந்து பிறந்தது என்பதை அப்பெயர்ப் பலகைகள் சொல்வதில்லை.

மருத்துவமனை வாயிலில்

பள்ளியில் இவ்வாறு ஒரு வழி திறந்தது. பொதுக் கட்டடங்களிலோ நிலை வேறு. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை மேலை நாட்டு மருத்துவமனைகள் பலவற்றில், சேர்க்கப்பட்ட குழந்தையைப் பெற்றோர் பார்க்கக் கடுமையான நேரக் கட்டுப்பாடு இருந்தது. தாயைக் கண்டால் குழந்தை அழுகிறது. காணாதபோது அமைதியாக இருக்கிறது. எனவே தாய் வராதிருப்பதே நலம் என்பது அன்றைய வாதம்.

அந்த 'அமைதி' எத்தகையது என்பதை 1952ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஜேம்ஸ் ராபர்ட்சன் ஒரு திரைப்படத்தால் உலகுக்குக் காட்டினார். சிறு அறுவைச் சிகிச்சைக்காக எட்டு நாள் மருத்துவமனையில் தங்கிய இரண்டு வயதுச் சிறுமியை அவர் நாள்தோறும் படம்பிடித்தார். பெரிதாய்க் கதறவில்லை, ஆயினும் நாளுக்கு நாள் அக்குழந்தை வாடி ஒடுங்குவதைப் பார்த்தவர் எவரும் மறக்கவில்லை. அடங்கிப்போவது வேறு, அமைதி அடைவது வேறு என்னும் உண்மை அப்படத்தால் விளங்கிற்று. மருத்துவ உலகில் முதலில் எதிர்ப்பு எழுந்தது. ஆயினும் 1959ஆம் ஆண்டு இங்கிலாந்து அரசு நியமித்த பிளாட் குழு, பெற்றோர் தடையின்றி வந்து செல்லவும், சிறு குழந்தைகளுடன் தாய்மார் தங்கவும் வழி செய்யப் பரிந்துரைத்தது. அதே காலத்தில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில், மாண்டிசோரி முறையில் பயிற்சி பெற்ற எம்மா பிளாங்க் என்ற ஆசிரியை, மருத்துவமனைக்குள்ளேயே விளையாட்டும் கல்வியும் கிடைக்கச் செய்யும் பணியை 1955இல் தொடங்கினார். பொதுக் கட்டடம் ஒன்று குழந்தையின் அச்சத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டது அக்காலத்தில் ஒரு பெரும் திருப்பமாகும்.

ஆலந்து நாட்டுக் கூடாரம்

இன்று நாம் காணும் புலன் அறையின் நேரடி மூதாதை ஆலந்து நாட்டில் பிறந்தது. 1966ஆம் ஆண்டிலேயே கிளீலண்ட், கிளார்க் என்னும் அமெரிக்க உளவியலார் இருவர், கடுமையான அறிவுத்திறன் குறைபாடு உள்ளோர்க்குப் பலவகைப் புலன் அனுபவங்களைப் பரிமாறும் 'புலன் உணவகம்' ஒன்றைப் பற்றி எழுதியிருந்தனர். அவ்வெண்ணத்துக்கு உருவம் கொடுத்தவர்கள், ஏடே நகரின் டி ஹார்ட்டன்பர்க் இல்லத்தில் பணியாற்றிய யான் ஹுல்ஸெஹே, ஆட் வெர்ஹோல் என்னும் இருவர்.

அவ்வில்லத்தில் வாழ்ந்தோரில் பலர் பேச இயலாதவர். பலர் நடக்க இயலாதவர். 1970களின் பிற்பகுதியில், இல்லத்தின் கோடை விழா ஒன்றில் எளிய கூடாரம் அமைத்து, அதனுள் வண்ண ஒளியும், மணமும், தொட்டுணரும் பொருள்களும், மெல்லிசையும் வைத்தனர். ஆண்டுக்கணக்கில் எதற்கும் முகம் மலராதவர்கள் அங்கே மலர்ந்தனர். கூடாரம் அறையாயிற்று, அறைகள் பலவாயின. அவர்கள் அதற்கு 'ஸ்னூசலன்' எனப் பெயரிட்டனர். மோப்பம் பிடித்துத் தேடுதல், கண்ணயர்தல் ஆகிய பொருள் தரும் இரு டச்சுச் சொற்களை இணைத்து ஆக்கிய சொல் அது. தேடலும் ஓய்வும் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும் என்பதே அப்பெயரின் உட்கருத்து.

அவ்விருவரும் வகுத்த ஒழுங்கு சிந்திக்கத் தக்கது. இங்கே பாடம் இல்லை; தேர்வு இல்லை; எட்ட வேண்டிய இலக்கு என்று எதுவும் இல்லை. வருபவர் எதை விரும்புகிறாரோ அதையே தொடலாம். விரும்பாவிடில் சும்மா படுத்திருக்கலாம். உடன் இருப்பவர் வழிநடத்துவதில்லை, பின்தொடர்கிறார். அவர்களுடைய நூல் 1987ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் வெளிவந்தபின் இம்முறை இங்கிலாந்துக்கும் பிற நாடுகளுக்கும் பரவியது. நீர்க்குமிழிகள் எழும் ஒளித்தூண், நிறம் மாறும் கண்ணாடி இழைகள், அதிரும் படுக்கை எனக் கருவிகள் பெருகின. அவற்றை விற்கும் நிறுவனங்களும் பெருகின. கருவிகள் பரவிய வேகத்தில் மேற்சொன்ன ஒழுங்கு பரவவில்லை.

அதே ஆண்டுகளில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஜீன் அயர்ஸ் என்ற அம்மையார் வேறொரு வழியில் நடந்துகொண்டிருந்தார். நாம் அறிந்த ஐம்புலன்களோடு, உடலின் சமநிலையை உணர்த்தும் உட்செவிப் புலனும், தசைகளும் மூட்டுகளும் தரும் உணர்வும் சேர்ந்தே குழந்தையின் மூளை உலகை ஒழுங்குபடுத்துகிறது என்று 1972இல் வெளியிட்ட நூலில் அவர் விளக்கினார். ஊஞ்சலும் இறுக்கமான அணைப்பும் சில குழந்தைகளை ஏன் அமைதிப்படுத்துகின்றன என்பதற்கு அவர் ஒரு விளக்கத்தை முன்வைத்தார். தொட்டிலில் ஆட்டியும் தோளில் இறுக அணைத்தும் பிள்ளையைத் தேற்றும் நம் தாய்மாருக்கு அச்செய்கை புதியதன்று.

கைப்பிடி யார் கையில்?

இவ்வரலாற்றில் தனியிடம் பெறுபவர் டெம்பிள் கிராண்டின். 1947இல் பிறந்த இவர் தாமே ஆட்டிசம் உள்ளவர்; பின்னாளில் கால்நடை அறிவியல் பேராசிரியையாகப் புகழ்பெற்றவர். இளமையில் அரிசோனாவில் தம் அத்தையின் பண்ணையில் தங்கியிருந்தபோது, தடுப்பூசி போடுவதற்காக மாடுகளை இருபுறமும் பலகையால் இறுக்கிப் பிடிக்கும் பொறியைக் கண்டார். மிரண்டு வந்த மாடுகளிற் சில அந்த இறுக்கத்தில் அமைதியடைந்தன. மனிதர் அணைத்தால் தாங்க இயலாமல் துடித்த அவர், அதே முறையில் தமக்கென ஒரு பொறியைப் பதினெட்டு வயதில் செய்துகொண்டார். எவ்வளவு இறுக்கம், எவ்வளவு நேரம் என்பதை அவரே ஒரு நெம்புகோலால் தீர்மானித்தார். பிறர் அணைப்பில் கிடைக்காத நிம்மதி அப்பொறியில் கிடைத்தது; ஏனெனில் அதன் கைப்பிடி அவர் கையில் இருந்தது.

இதனை அண்மைய ஆய்வு ஒன்றும் உறுதி செய்கிறது. இங்கிலாந்தை அடுத்த வேல்சு நாட்டின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தார், ஆட்டிசம் உள்ள 41 குழந்தைகளைப் புலன் அறைக்கு அழைத்து வந்தனர். ஒருமுறை விளக்கையும் ஒலியையும் குழந்தையே இயக்கிற்று. மற்றொரு முறை பெரியவர் இயக்கினார். குழந்தை தானே இயக்கியபோது அதன் கவனம் கூடியது. ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யும் பதற்றம் குறைந்தது. அறை ஒன்றே, கருவிகளும் அவையே. மாறியது சுவிட்ச் இருந்த கை மட்டுமே.

புலன் அறைகளில் செலவிடும் நேரம் குழந்தையின் நிலையை நிரந்தரமாக மாற்றிவிடும் என்று சொல்லப் போதிய சான்று இல்லை. விலையுயர்ந்த கருவிகளை விற்போர் தரும் வாக்குறுதிகளை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆயினும் அந்த நேரத்துக்குக் கிடைக்கும் ஆறுதல் உண்மையானது. அந்த ஆறுதலின் வேர், வண்ண விளக்கைவிட, 'இங்கே என் விருப்பத்துக்கு மதிப்புண்டு' என்று குழந்தை உணர்வதில் உள்ளது.

பொது இடங்களுக்கு வந்த அறை

நீண்ட காலம் சிறப்பு இல்லங்களுக்குள் இருந்த இவ்வறை, 2015ஆம் ஆண்டையொட்டிப் பொதுமக்கள் கூடும் இடங்களுக்கு வந்தது. இதற்கு வித்திட்டவர் பெரும்பாலும் பெற்றோரே. இங்கிலாந்தின் சண்டர்லாந்து நகரில், கால்பந்தில் உயிராய் இருந்தும் அரங்கின் ஆரவாரத்தைத் தாங்க இயலாத தம் பிள்ளைகளுக்காக ஒரு பெற்றோர் குரல் எழுப்பினர். 2015இல் அவ்வூர்க் கழகத்தின் அரங்கில், ஆடுகளத்தை நோக்கிய கண்ணாடிச் சாளரத்துடன் புலன் அறை திறக்கப்பட்டது. பிள்ளை ஆட்டத்தையும் இழக்கவில்லை, அமைதியையும் இழக்கவில்லை.

2016இல் அயர்லாந்தின் ஷானன் விமான நிலையத்தில் இத்தகைய அறை அமைந்தது. அதே ஆண்டில் இலண்டனின் காட்விக் விமான நிலையம் சூரியகாந்திப் பூ பொறித்த கழுத்துப் பட்டியை அறிமுகப்படுத்தியது. வெளியே தெரியாத குறைபாடு உள்ளவர் அதனை அணிந்துகொண்டால், ஊழியர் கேள்வி கேட்காமலே சற்றுப் பொறுமை காட்டுவர். இன்று அப்பட்டி உலகின் பல விமான நிலையங்களில் பயன்படுகிறது. 2019இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் விமான நிலையத்தில் திறக்கப்பட்ட அறை, அந்நிலையத்திலேயே கனரக எந்திரம் ஓட்டும் ஒரு தொழிலாளி தம் மகனுக்காக நிலையத் தலைவருக்கு எழுதிய கடிதத்தின் விளைவு. அங்கே விமானத்தின் உட்புறத்தைப் போலவே இருக்கைகளுடன் ஒரு பகுதி உண்டு. குழந்தை அதில் ஏறி அமர்ந்து பழகிக்கொண்டபின் உண்மை விமானத்துக்குச் செல்லலாம். நம் நாட்டில் பெங்களூரு விமான நிலையத்தின் இரண்டாம் முனையத்தில் 2025ஆம் ஆண்டு இத்தகைய அறை ஏற்பட்டது.

தனி அறை கட்டாமலே, இருக்கும் அறையை மாற்றிய முயற்சிகளும் உள. பல் மருத்துவரின் நாற்காலி எந்தக் குழந்தைக்கும் அச்சம் தருவது. ஆட்டிசம் உள்ள குழந்தையை அதில் அமர்த்தவே நால்வர் பிடிக்க வேண்டியிருக்கும். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரக் குழந்தைகள் மருத்துவமனையில் ஆய்வாளர்கள், மேல் விளக்கை அணைத்துக் கூரையில் மெல்ல அசையும் ஒளியைப் படரவிட்டனர், மெல்லிசை ஒலித்தது, வண்ணத்துப்பூச்சியின் சிறகுபோல் அமைந்த விரிப்பு குழந்தையை இதமாய் அணைத்தது. 162 குழந்தைகளை வழக்கமான முறையிலும் இம்முறையிலும் சோதித்து 2023இல் வெளியிட்ட முடிவில், இச்சூழலில் குழந்தைகளின் உடற்பதற்றமும் எதிர்ப்பும் குறைந்தன எனக் கண்டனர். இதற்காகச் சுவர் எதையும் இடிக்க வேண்டியிருக்கவில்லை.

அதே பெயரில் ஒரு சிறை

இனிச் சொல்லப்போவது இவ்வரலாற்றின் இருண்ட பக்கம். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலப் பள்ளிகள் பலவற்றில் அமைதி அறைகள் இருந்தன. பெயர் இதமானது. 2019 நவம்பரில் சிக்காகோ டிரிபியூன் நாளிதழும் புரோபப்ளிக்கா என்னும் செய்தி அமைப்பும் இணைந்து வெளியிட்ட புலனாய்வு, அவ்வறைகள் எத்தகையவை என்று காட்டிற்று. பெரும்பாலும் குறைபாடு உள்ள குழந்தைகள் அவற்றில் தனியே அடைக்கப்பட்டனர். 2017-18 கல்வியாண்டிலும் அதையடுத்த சில மாதங்களிலும் மட்டும் இத்தகைய நிகழ்வுகள் 20,000க்கு மேல் பதிவாகியிருந்தன. கதவைத் திறக்கச் சொல்லிக் குழந்தைகள் கெஞ்சியதை ஊழியர்களே குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தனர். செய்தி வெளியான மறுநாளே மாநிலக் கல்வித் துறை இத்தனியடைப்புக்கு அவசரத் தடை விதித்தது.

ஆலந்தின் அறைக்கும் இல்லினாயின் அறைக்கும் சுவர்களில் பெரிய வேறுபாடு இல்லை. இரண்டும் சிறியவை, இரண்டும் கூட்டத்திலிருந்து விலகியவை. ஒன்றில் தாழ் குழந்தையின் பக்கம் இருந்தது. மற்றொன்றில் வெளியே இருந்தது. ஒன்று குழந்தைக்காகக் கட்டப்பட்டது; மற்றொன்று குழந்தையிடமிருந்து பெரியவர்களைக் காப்பதற்காகக் கட்டப்பட்டது. இந்த இரண்டையும் பிரித்தறிவதே இவ்வரலாறு நமக்குக் கற்பிக்கும் முதன்மையான பாடம்.

திருச்சபையின் கட்டடக் கலையிலும் இவ்வினா எழுந்ததுண்டு. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்கக் கத்தோலிக்க ஆலயங்கள் பலவற்றில் 'அழுகை அறை' கட்டப்பட்டது. பீடத்தை நோக்கிய கண்ணாடிச் சுவருக்குப் பின் தாய்மார் பிள்ளைகளுடன் அமர்வர். திருப்பலியின் ஒலி அவர்களுக்குக் கருவி வழியே கேட்கும். அவர்களுடைய ஒலி வெளியே கேட்காது. கைக்குழந்தையோடு வரும் தாய்க்கு அது உதவியாக இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அதன் பெயரே சொல்வதுபோல், அது முதலாவதாக எண்ணியது அழுகையால் தொல்லைப்படும் மற்றவரை. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2014 சனவரியில் சிஸ்டின் சிற்றாலயத்தில் குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளித்தபோது, பிள்ளைகளின் குரலே அன்றைய பாடகர் குழு என்று மகிழ்ந்து, பசித்தால் அங்கேயே அமுதூட்டுமாறு தாய்மாரிடம் கூறினார். அதே ஆண்டு நவம்பரில் வத்திக்கானில் ஆட்டிசம் பற்றிய மாநாட்டுக்கு வந்த குடும்பங்களைச் சந்தித்து, அவர்களைச் சூழும் தனிமையைத் தகர்க்க வேண்டும் என வலியுறுத்தினார். சண்டர்லாந்தின் கண்ணாடியும் அழுகை அறையின் கண்ணாடியும் ஒரே பொருள்தான். எவர் நலம் கருதி அது பொருத்தப்பட்டது என்பதில்தான் வேறுபாடு.

நீதிமன்றத்தில் ஒரு குழந்தை

நம் நாட்டில் இக்கருத்து மிகக் கூர்மையாகச் செயல்பட்ட இடம் நீதிமன்றம். பாலியல் கொடுமைக்கு உள்ளான குழந்தை சாட்சி சொல்ல வரும்போது, கறுப்பு அங்கிகளும் காவலரின் சீருடையும், எல்லாவற்றுக்கும் மேலாகக் குற்றவாளியின் முகமும் அதன் நாவைக் கட்டிவிடும். 2004ஆம் ஆண்டு சாக்ஷி என்ற அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், குழந்தைக்கும் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் இடையே திரை இருக்க வேண்டும் என்றும், குறுக்கு விசாரணைக் கேள்விகள் எழுத்தில் நீதிபதியிடம் தரப்பட்டு அவர் வழியே கேட்கப்பட வேண்டும் என்றும், குழந்தைக்குப் போதிய இடைவேளை தரவேண்டும் என்றும் பணித்தது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், குழந்தையிடம் வாக்குமூலம் பெறும் காவல் அலுவலர் சீருடையில் இருத்தலாகாது என்றும், விசாரணையின்போது குழந்தை நம்பும் ஒருவர் உடன் இருக்கலாம் என்றும் விதித்தது.

அதே 2012இல் தில்லியின் கர்கர்டூமா நீதிமன்ற வளாகத்தில், எளிதில் பாதிக்கப்படும் சாட்சிகளுக்கெனத் தனி வளாகம் திறக்கப்பட்டது. தனி வாயில், விளையாட்டுப் பொருள்கள் கொண்ட காத்திருப்பு அறை, குற்றம் சாட்டப்பட்டவரைக் காணாமலே சாட்சி சொல்ல வசதி ஆகியவை அங்கே அமைந்தன. இத்தகைய மையங்களை ஒவ்வோர் உயர் நீதிமன்றத்தின் எல்லையிலும் நிறுவ 2017இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2022 சனவரியில் அவ்வாணையை மேலும் விரிவுபடுத்தி, அதைக் கண்காணிக்க நீதிபதி கீதா மித்தல் தலைமையில் குழுவையும் அமைத்தது. குமிழித்தூணும் வண்ண இழைகளும் அங்கே இல்லை. எனினும் அச்சம் தரும் பொதுக் கட்டடத்துக்குள் குழந்தையின் அளவைக் கொண்ட ஓர் அறை என்ற வகையில் அதுவும் இவ்வரலாற்றின் பகுதியே. அங்கே அமைதி அடைந்த குழந்தை வாய் திறந்து உண்மை பேசுகிறது. அக்குழந்தையின் அமைதியில் நீதியே அடங்கியிருக்கிறது.

நம் முற்றத்தில்

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. ஆட்டிசம் அவற்றுள் ஒன்று. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளோ மருத்துவமனை, கல்விக்கூடம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டரை அமைதிப் பகுதியாக அறிவிக்க வழி வகுத்துள்ளன. கட்டடத்தைச் சுற்றி வட்டம் போட்ட சட்டத்தால், கூட்டத்துக்குள் நடந்துவரும் குழந்தையைச் சுற்றி வட்டம் போட இயலாது. அதைச் செய்ய வேண்டியவர்கள் நாமே.

பங்குத்தளங்களில் பணியாற்றும் நாம் ஒன்றை நன்கு அறிவோம். இத்தகைய பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் முதலில் கடைசி வரிசைக்கு நகருகின்றன, பின்னர் வாசற்படிக்கு, அதன்பின் வருவதே இல்லை. கொடியேற்றத்தன்று வெடிக்கும் வாணமும், தேரின் முன் முழங்கும் பேண்டு வாத்தியமும், ஒவ்வொரு தூணிலும் கட்டிய ஒலிபெருக்கியும் நமக்கு விழா, அப்பிள்ளைக்குத் தாக்குதல். குழந்தைகளை அழைத்து வந்தோரைச் சீடர்கள் அதட்டியபோது ஆண்டவர் எவர்மேல் சினங்கொண்டார் என்பதை நாம் மறைக்கல்வியில் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். அதே பாடம் திருவிழாக் குழுவின் கூட்டத்திலும் நினைவுக்கு வரவேண்டும்.

பெரும் பொருட்செலவு தேவையில்லை. ஆலயத்தை ஒட்டிய சிறு அறை ஒன்று போதும். ஒலிபெருக்கியின் கம்பி அதனுள் செல்லாதிருக்கட்டும். கண்ணைக் கூசும் குழல்விளக்குக்குப் பதிலாக மங்கலான விளக்கு, கனத்த திரைச்சீலை, தரையில் பாய், சில தலையணைகள், பஞ்சு வைத்துத் தைத்த கனமான போர்வை, கையில் உருட்ட மணியோ களிமண்ணோ போதுமானவை. காதை மூடும் கவசங்கள் இரண்டு மூன்று வாங்கி வைக்கலாம். வாணம் வெடிக்கும் நேரத்தை முன்கூட்டியே அறிவித்தால் பெற்றோர் பிள்ளையை ஆயத்தப்படுத்த இயலும். கூட்டம் இல்லாத ஒரு மாலையில் ஆலயத்தைச் சுற்றிப் பார்க்க அக்குடும்பங்களை அழைக்கலாம். பிட்ஸ்பர்க்கின் ஒத்திகை விமானம் செய்வதும் அதுவே.

ஆயினும் அறையைத் திறந்துவிட்டதோடு கடமை முடிந்தது என எண்ணுவோமாயின் நாமும் ஓர் அழுகை அறையைக் கட்டியவர்களாவோம். "உங்கள் பிள்ளைக்குத்தான் அறை இருக்கிறதே, அங்கே போங்கள்" என்று ஒருவர் சொல்லும் நாளில், அந்த அறை தன் பொருளை இழந்துவிடும். உள்ளே செல்வதும் வெளியே வருவதும் குழந்தையின் விருப்பமாக இருக்க வேண்டும். வெளியே வரும்போது அதற்கென ஓர் இருக்கை முன் வரிசையிலேயே காத்திருக்க வேண்டும். பத்து நிமிடம் அங்கே இளைப்பாறிய குழந்தை நற்கருணை வேளையில் தாயின் கையைப் பிடித்து மீண்டும் நடுவே வந்து நின்றால், அன்று அந்த அறை தன் பணியைச் செய்தது எனலாம்.

அடுத்த திருவிழாவுக்கான வரவு செலவைப் பங்குப்பேரவை எழுதும்போது, வாணத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் கீழே இதற்கும் ஒரு வரி எழுதப்படட்டும். எழுதுமுன், நம் பங்கில் எத்தனை குடும்பங்கள் இக்காரணத்தால் விழாவுக்கு வருவதில்லை என்று அன்பியங்கள் வழியே விசாரித்து அறிவோம். அவர்களுள் ஒருவரை அக்கூட்டத்துக்கு அழைத்து, அறை எப்படி இருக்க வேண்டும் என்று முதலில் அவரிடமே கேட்போம்.